வயதாகும் கோல்கீப்பரை எண்களில் படிப்பது: ஹாக்கி-ரெஃபரன்ஸ் தளம் பற்றிய ஒரு மதிப்பீடு

பெயர் பெற்ற கோல்கீப்பர் ஒருவருக்கு நாற்பது நெருங்கத் தொடங்கிவிட்டால், ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்களிடையே பருவம் முடியும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம் எழுகிறது. இன்னும் ஓராண்டு தாங்குவார் என்பார்கள் சிலர். பெயர் கெடுவதற்குள் விலகிவிடட்டும் என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பினரும் பெரும்பாலும் தாங்கள் கடைசியாகப் பார்த்த இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்தே பேசுகிறார்கள். ஒரு மனிதரின் இருபதாண்டு உழைப்பை அப்படி அவசரத்தில் எடைபோடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறவன் என்பதால், இந்த வாக்குவாதத்துக்கு ஒரு தரையை அமைத்துத் தரும் ஹாக்கி-ரெஃபரன்ஸ் தளத்தை அந்த ஒரு பயனை மட்டும் முன்னிறுத்தி இங்கே மதிப்பிடுகிறேன்.

பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகியவற்றுக்குப் புள்ளிவிவரத் தளங்களை நடத்தும் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் நிறுவனத்தின் தளம் இது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடிய ஒவ்வொரு வீரருக்கும் இதில் தனிப் பக்கம் உண்டு. கோல்கீப்பரின் பக்கத்தில் பருவத்துக்கு ஒரு வரியாக வயது, அணி, ஆட்டங்கள், வெற்றி தோல்விகள், எதிர்கொண்ட ஷாட்டுகள் (வலையை நோக்கி வந்த அடிகள்), தடுத்தவை, அவற்றில் தடுத்தவற்றின் பங்கான தடுப்பு விகிதம், ஆட்டத்துக்கு விட்ட கோல் சராசரி என்று அட்டவணை நீள்கிறது. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆண்டை ஒட்டியே வயதையும் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) கொடுத்திருப்பது சின்ன வசதியாகத் தோன்றினாலும், நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அதுதான் முதுகெலும்பு. எந்த வயதில் ஆட்டங்கள் குறையத் தொடங்கின, எந்த வயதில் தடுப்பு விகிதம் இறங்கியது என்பதைக் கண்ணை நகர்த்தாமலே படித்துவிடலாம்.

கருவியைச் சோதிக்க, விடை தெரிந்த கணக்கு ஒன்று வேண்டும். அதற்கு மார்ட்டின் ப்ரோடூரை விடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். 1972-இல் மாண்ட்ரியாலில் பிறந்த அவர் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணிக்காக 1995, 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றார். ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை நான்கு முறை பெற்றார். 1,266 ஆட்டங்கள், 691 வெற்றிகள், ஒரு கோலும் விடாமல் முடித்த 125 ஆட்டங்கள் என மூன்று சாதனைகளோடு 2015 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். அவருடைய இறக்கம் எப்போது தொடங்கியது, அதை இந்தத் தளத்தின் எண்கள் அப்போதே காட்டினவா என்பதுதான் நான் இதனிடம் கேட்ட கேள்வி.

பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுபவை விருதுகளும் வெற்றிகளும்தான். வெற்றி எண்ணிக்கையை நம்பி வயதான கோல்கீப்பரை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம் என்பதற்கும் ப்ரோடூரின் பக்கமே சான்று. 2009-10 பருவத்தில், 37 வயதில், 77 ஆட்டங்களில் ஆடி 45 வெற்றிகளையும் 0.916 என்ற தடுப்பு விகிதத்தையும் அவர் பெற்றார். அடுத்த பருவத்தில் 56 ஆட்டங்களில் 23 வெற்றிகள்தான், விகிதம் 0.903. அதற்கடுத்த பருவமான 2011-12-இல் 31 வெற்றிகளோடு அணியை இறுதிச் சுற்றுக்கே கொண்டுசென்றதால், முந்தைய ஆண்டு வெறும் தடுமாற்றம்தான், மனிதர் மீண்டு வந்துவிட்டார் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அந்த 31 வெற்றிகளுக்குப் பக்கத்திலேயே 0.908 என்ற எண் நிற்கிறது. லீக்கின் சராசரி அப்போது 0.914 அளவில் இருந்தது. வெற்றி என்பது அணி முழுவதும் சேர்ந்து ஈட்டுவது. ஷாட்டைத் தடுப்பது மட்டுமே கோல்கீப்பரின் தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் 38 வயதிலேயே சராசரிக்குக் கீழே வந்துவிட்டார், பிறகு ஒரு முழுப் பருவத்தில்கூட அதற்கு மேலே ஏறவில்லை.

இருந்தாலும், அணியின் தற்காப்பு கெட்டுப்போனால் கோல்கீப்பரின் விகிதமும் கெடத்தானே செய்யும் என்று கேட்பது நியாயம்தான். 2010-11-இல் டெவில்ஸ் அணி உண்மையாகவே சீர்குலைந்து கிடந்தது. பயிற்சியாளர் ஜான் மெக்லீனின் கீழ் 9 வெற்றிகளுக்கு எதிராக, நேர நீட்டிப்பில் தோற்றவற்றைச் சேர்க்காமலே, 22 தோல்விகள். டிசம்பரில் அவரை நீக்கி ஜாக் லெமேரை அழைத்து வந்த பிறகு 29 வெற்றிகள், 17 தோல்விகள். இப்படிப்பட்ட ஓர் ஆண்டின் எண்ணை வைத்துக் கோல்கீப்பரின் தலையில் மட்டும் பழியைப் போடலாமா?

இந்தத் தளத்தின் உண்மையான பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. வீரரின் பக்கத்தில் உள்ள பருவத்தைச் சொடுக்கினால் அந்த ஆண்டின் அணிப் பக்கம் திறக்கிறது. அதில் அந்த அணிக்காக ஆடிய கோல்கீப்பர்கள் எல்லோரும் ஒரே அட்டவணையில், ஒருவருக்குக் கீழ் ஒருவராக நிற்கிறார்கள். அதே தற்காப்பாளர்கள், அதே பயிற்சியாளர், அதே அரங்கம்; மாறுவது வலைக்கு முன்னால் நிற்கும் ஆள் மட்டும்தான். 2010-11-இல் ப்ரோடூருக்கு மாற்றாக 34 ஆட்டங்கள் ஆடிய யோஹான் ஹெட்பெர்கின் விகிதம் 0.912, ப்ரோடூருடையது 0.903. இறுதிச் சுற்றுக்குப் போன 2011-12-இல் ஹெட்பெர்க் 0.918, ப்ரோடூர் 0.908. பெரிய புகழ் எதுவும் இல்லாத மாற்றுக் கோல்கீப்பர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சாதனையாளரை விட நன்றாகத் தடுத்திருக்கிறார் என்பதை வெற்றிப் பட்டியல் ஒருநாளும் சொல்லியிருக்காது. மாற்று ஆளுக்கு எளிய எதிரணிகளைத் தேர்ந்து கொடுப்பது வழக்கம் என்பதை மறந்துவிடக் கூடாதுதான். ஆனால் 34 ஆட்டங்கள் ஆடியவருக்கு அத்தனையும் எளிய எதிரணிகளாக வாய்த்திருக்க முடியாது.

வேலைநிறுத்தத்தைப் போல உரிமையாளர்கள் அரங்கத்தையே பூட்டிய தகராறால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய 2012-13 பருவம் இந்த வாதத்துக்கு எதிராக நிற்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ப்ரோடூர் 0.901, ஹெட்பெர்க் 0.883. முதுகு வலியால் ப்ரோடூர் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தபோது அணி சரிந்ததற்குக் காரணம் இந்த ஒப்பீட்டிலேயே தெரிகிறது. ஹெட்பெர்குக்கும் அப்போது வயது 39. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆளே மூப்படைந்துகொண்டிருந்தால் ஒப்பீட்டின் அர்த்தம் மாறிவிடும் என்பதைத் தளம் நமக்குச் சொல்லித் தராது. வயதுப் பத்தியைப் பார்த்து நாமேதான் உணர்ந்துகொள்ள வேண்டும்.

2013 ஜூனில், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றின் ஒன்பதாவது தேர்வு உரிமையை வான்கூவர் அணிக்குக் கொடுத்து, டெவில்ஸ் நிர்வாகம் கோல்கீப்பர் கோரி ஷ்னைடரை வாங்கியது. அதன் பின்வந்த 2013-14 பருவத்தின் அணிப் பக்கத்தைத்தான் நான் இந்தத் தளத்திலேயே மிகவும் கற்பிக்கும் பக்கம் என்று கருதுகிறேன். ஷ்னைடர் 45 ஆட்டங்கள், தடுப்பு விகிதம் 0.921, விட்ட கோல் சராசரி 1.97. ப்ரோடூர் 39 ஆட்டங்கள், 0.901, 2.51. ஆட்டத்துக்கு அரை கோல் வித்தியாசம். ஆனால் வெற்றிப் பத்தியைப் பார்த்தால் ப்ரோடூருக்கு 19, ஷ்னைடருக்கு 16! ஷ்னைடர் நின்ற இரவுகளில் முன்களத்தினர் கோல் அடிக்கவில்லை. அந்தப் பருவத்தில் சமநிலையை முறிக்கும் ஷூட்அவுட்டுகள் பதின்மூன்றிலும் அணி தோற்றது. இந்த ஒரே அட்டவணையைப் பார்த்த எவரும் அதற்குப் பிறகு வெற்றி எண்ணிக்கையைக் காட்டி ஒரு கோல்கீப்பரின் ஓய்வைப் பற்றி வாதாட மாட்டார்.

அரை கோல் என்பதைத் தளம் இன்னொரு பத்தியில் வேறு வடிவில் தருகிறது. ஒரு கோல்கீப்பர் எதிர்கொண்ட அத்தனை ஷாட்டுகளையும் லீக்கின் சராசரிக் கோல்கீப்பர் ஒருவர் எதிர்கொண்டிருந்தால் எத்தனை கோல் விட்டிருப்பார் என்று கணக்கிட்டு, அதிலிருந்து இவர் விட்டதைக் கழித்துப் பெறும் எண் அது. கூட்டலாக இருந்தால் சராசரியை விட அத்தனை கோல்களைக் காப்பாற்றியிருக்கிறார். கழித்தலாக இருந்தால் அத்தனை கோல்களைக் கூடுதலாக விட்டிருக்கிறார். 2013-14-இல் ப்ரோடூர் எதிர்கொண்டது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஷாட்டுகள். லீக் சராசரியோடு அவருக்கு இருந்த இடைவெளி ஆயிரத்துக்குப் பதின்மூன்று. ஆக, அரைப் பருவத்துக்குள் பன்னிரண்டு, பதின்மூன்று கோல்கள் கூடுதலாகப் போயிருக்கின்றன. 0.901 என்று பார்த்தால் கண்ணை உறுத்தாத ஒன்று, கோல் எண்ணிக்கையாக மாறும்போது உறைக்கிறது.

காலத்தைக் கடந்து ஒப்பிடுவதற்கும் இந்தப் பத்தியே துணை. ப்ரோடூர் முதல் முழுப் பருவம் ஆடிய 1993-94-இல் லீக்கின் சராசரித் தடுப்பு விகிதமே 0.895 அளவில்தான் இருந்தது. அந்த ஆண்டு அவர் எடுத்த 0.915 மிகச் சிறந்த எண். இருபது ஆண்டுகள் கழித்து அதே 0.915 வெறும் சராசரி. பிறகு சராசரி மீண்டும் இறங்கி, 2023-24-இல் 0.903-க்கு வந்துவிட்டது. இதை மனத்தில் வைக்காமல், இன்றைய மூத்த கோல்கீப்பர் ஒருவரின் 0.900-ஐப் பார்த்துக் கைவிரிப்பவர்கள் பத்தாண்டுக்கு முந்தைய அளவுகோலால் அளக்கிறார்கள்.

தரமான தொடக்கங்கள், மிக மோசமான தொடக்கங்கள் என்ற இரண்டு பத்திகளையும் கவனிக்கச் சொல்வேன். லீக் சராசரிக்கு மேலான தடுப்பு விகிதத்தோடு முடித்த ஆட்டம் முதல் வகையில் சேரும், 0.850-க்கும் கீழே போன ஆட்டம் இரண்டாம் வகை. வயதான கோல்கீப்பரிடம் நல்ல இரவுகள் உடனே மறைந்துவிடுவதில்லை, மோசமான இரவுகள்தான் அடிக்கடி வரத் தொடங்குகின்றன. இடுப்பும் முழங்காலும் ஒத்துழைக்கும் நாளில் பழைய ஆளாகவே நிற்பார்; தொடர்ந்து இரண்டாம் நாள் ஆட வேண்டிவந்தால், முதல் தடுப்புக்காக மண்டியிட்ட பிறகு எழுந்து அடுத்த கம்பத்துக்கு நகர்வதற்குள் வட்டு வலைக்குள் இருக்கும். சராசரி எண் இந்த இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடுகிறது. இந்தப் பத்திகள் பிரித்துக் காட்டுகின்றன.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் ஆட்டவாரிப் பதிவு இருக்கிறது. 2014 கோடையில் எந்த அணியும் ஒப்பந்தம் கொடுக்காத நிலையில், செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணியின் பிரையன் எலியட் காயமடைந்ததால், டிசம்பரில் ப்ரோடூருக்கு ஓர் இடம் கிடைத்தது. அங்கே ஆடியவை ஏழே ஆட்டங்கள். மூன்று வெற்றி, மூன்று தோல்வி, விகிதம் 0.899. அந்த ஏழில் ஒன்று டிசம்பர் 29 அன்று கொலராடோவுக்கு எதிராக 3-0 என முடிந்தது. அவருடைய 125-ஆவது ஷட்அவுட். அன்றைய தலைப்புகள் அதைக் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பதிவின் அந்த வரியில் ஷாட்டுகளின் பத்தியைப் பார்த்தால் 16 என்றிருக்கிறது. முன்னால் நின்ற தற்காப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை அந்த எண்ணும் சேர்ந்தே சொல்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு, ஜனவரி 29 அன்று, அவர் ஓய்வை அறிவித்து அதே அணியின் நிர்வாகப் பணியில் சேர்ந்தார்.

இவ்வளவு பாராட்டிய பிறகு, எனக்குள்ள பெரிய குறையையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ப்ரோடூரின் தனிச்சிறப்பு வட்டைத் தடுப்பதில் மட்டும் இருக்கவில்லை. வலையை விட்டு வெளியே வந்து, பின்சுவரோரம் சுற்றிவரும் வட்டை மட்டையால் நிறுத்தி, எதிராளி வந்து சேர்வதற்குள் தன் தற்காப்பாளருக்கோ நடுக்களத்துக்கோ அனுப்பிவிடுவார். எதிரணியின் தாக்குதல் ஷாட்டாக மாறுவதற்கு முன்பே முடிந்துவிடும். 2005-இல் என்.எச்.எல். வலைக்குப் பின்னால் ஒரு சரிவகக் கட்டத்தை வரைந்து, கோல் கோட்டுக்குப் பின்புறம் அந்தக் கட்டத்துக்கு வெளியே கோல்கீப்பர் வட்டைத் தொடக் கூடாது என்று விதி செய்ததற்கு அவருடைய திறமை ஒரு முக்கியக் காரணம் என்பதால், அந்த விதிக்கே அவர் பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் உண்டு. இந்தத் திறமைக்கு அட்டவணையில் பத்தி இல்லை. அவர் அடித்த கோல்களும் உதவிகளும் பதிவாகியிருக்கின்றன. ஷாட்டாக மாறுவதற்குள் அவர் முறித்துவிட்ட தாக்குதல்கள் எங்கும் பதிவாகவில்லை. அதைவிட மோசம், எளிய ஷாட்டுகள் பல அவ்வாறு வராமலே போவதால், வந்து சேரும் ஷாட்டுகளில் கடினமானவற்றின் பங்கு கூடி, தடுப்பு விகிதம் உள்ளதை விடச் சற்றுக் குறைவாகவே தெரியவும் வாய்ப்பிருக்கிறது. வயது ஏறினாலும் வட்டைக் கையாளும் கண்ணும் கையும் கால்களைப் போல விரைவாகத் தளர்வதில்லை. ஆகவே ஹெட்பெர்க், ஷ்னைடர் ஆகியோரோடு செய்த ஒப்பீட்டில் ப்ரோடூருக்குச் சேர வேண்டிய ஏதோ ஒரு பங்கு விடுபட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். 2013-14-இன் இடைவெளியை நிரப்ப அது போதாது. முந்தைய இரண்டு ஆண்டுகளின் இடைவெளியைப் பாதியாகவாவது குறைத்திருக்கலாம்.

ஷாட்டின் அபாயத்தையும் பருவ அட்டவணை கணக்கில் எடுப்பதில்லை. தாக்குதல் பகுதியின் எல்லையான, வலைக்குத் தொலைவிலுள்ள நீலக்கோட்டிலிருந்து வந்ததும், வலைக்கு ஆறடி முன்னால் குறுக்கே தட்டிக்கொடுத்து அடித்ததும் இங்கே ஒரே ஷாட்தான். அதற்கு மணிபக், நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் ஆகிய தளங்களுக்குப் போக வேண்டும்; அவை ஷாட் கிளம்பிய இடத்தையும் விதத்தையும் பார்த்து மதிப்பிடுகின்றன. ஆனால் அவற்றின் தரவுகள் 2000-களின் இறுதியிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒருவருடைய இளமையையும் முதுமையையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டுமென்றால், பழைய ஆட்டக்காரர்களுக்கு ஹாக்கி-ரெஃபரன்ஸ்தான் கதி.

இறங்கிய எண் மீண்டும் ஏறாது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வருபவர்கள் ஜொனாதன் குவிக்கின் பக்கத்தைப் பார்க்கட்டும். 2012-இன் இறுதிச் சுற்றில் ப்ரோடூரை எதிர்த்து நின்று கோப்பையையும் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வென்றவர் இவர். 2022-23-இல், 37 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்காக 31 ஆட்டங்களில் 0.876 என்று சரிந்து, வேறு அணிக்கு மாற்றப்பட்டார். கதை முடிந்தது என்றுதான் தோன்றியது. அடுத்த பருவத்தில் நியூ யார்க் ரேஞ்சர்ஸ் அணியில் இரண்டாம் கோல்கீப்பராக 27 ஆட்டங்களில் 18 வெற்றிகளும் 0.911-உம் எடுத்தார். சுமை குறைந்ததும், முன்னால் நல்ல அணி நின்றதும் எவ்வளவு மாற்றியிருக்கின்றன! ஓர் ஆண்டின் ஷாட்டுகள் முடிவு செய்யப் போதாது. இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டொமினிக் ஹாஷெக்கின் பக்கமோ வேறொரு பாடம். 2005-06-இல், 41 வயதில், ஒட்டாவாவுக்காக அவர் எடுத்த விகிதம் 0.925, ஆனால் ஆட்டங்கள் 43 மட்டுமே, டூரின் ஒலிம்பிக்கில் ஏற்பட்ட காயத்தோடு பருவம் முடிந்துபோயிற்று. திறமை அப்படியே இருக்க, உடல் மட்டும் விடுப்பு கேட்கும் முதுமையும் உண்டு. ஆகவே விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் ஆட்டங்களின் பத்தியைப் பார்ப்பது நல்லது.

அட்டவணை எங்கே நின்றது என்பதைத் தளம் சொல்லும், ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்டின் கடைசி வரி 2019-20: 30 ஆட்டங்கள், 10 வெற்றிகள், 0.905, அதே அணியில் இளைஞர் இகோர் ஷெஸ்டெர்கின் 12 ஆட்டங்களில் 0.932. எண்களை மட்டும் படிப்பவர், இளையவர் வந்ததும் மூத்தவர் ஒதுங்கிவிட்டார் என்று முடித்துவிடுவார். உண்மையில் ரேஞ்சர்ஸ் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட பிறகும் அவர் ஆடவே விரும்பினார், வாஷிங்டனோடு கையெழுத்திட்டார். இதயக் கோளாறு கண்டறியப்பட்டு 2021 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால்தான் அந்த ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். 459 வெற்றிகள் எடுத்த ஒருவருடைய முடிவைத் தவறாகப் படிக்காமலிருக்க, பக்கத்தை மூடிவிட்டு அன்றைய செய்திகளையும் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

பயன்படுத்துவோருக்கு இரண்டு குறிப்புகள். பருவம் முடிந்த பின் கோப்பைக்காக நடக்கும் கோப்பைச் சுற்று ஆட்டங்கள் தனி அட்டவணையாகக் கீழே இருப்பதால் பலர் அதுவரை போவதே இல்லை; ப்ரோடூரின் 2012 அங்கே 24 ஆட்டங்கள், 0.917 என்று பருவ எண்ணை விட மேலாகவே இருக்கிறது, 40 வயதைத் தொட்டபோது அவர் கொடுத்த அந்த இரண்டு மாதங்களைச் சேர்க்காமல் அவருடைய இறக்கத்தைப் பற்றிப் பேசுவது அநீதி. அடுத்து, ஒரே வயதில் ஆடிய கோல்கீப்பர்களையெல்லாம் வடிகட்டிப் பட்டியலிட வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவை தேவைப்படும். தொடர்ந்து எழுதுபவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். தனக்குப் பிடித்த ஒரு கோல்கீப்பர் அடுத்த பருவமும் ஆட வேண்டுமா என்று அறிய விரும்பும் ரசிகருக்கு அது வேண்டியதில்லை. அவர் வீரரின் பக்கத்தையும் கடைசி மூன்று ஆண்டுகளின் அணிப் பக்கங்களையும் அருகருகே திறந்து, மாற்றுக் கோல்கீப்பரின் வரியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.